அட்டையும் சட்டமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இசையும் நாடகமும் காணக் கூடியிருக்கும் இவ்வேளையில் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேச முன்வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். இதற்குக் காரணம் நம் சங்கத்தின் கணக்குப் புத்தகமே ஆகும். சென்ற ஆண்டு விழாவன்று சந்தா வாங்க வாயிலில் மேசையிட்டு, அட்டை தேய்க்கும் கருவி ஒன்றையும் வைத்திருந்தோம். அன்பர்கள் பலர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயை டெபிட் கார்டு எனப்படும் பற்று அட்டை வழியே செலுத்தினர். பின்னர்ப் பொருளாளர் கணக்கைச் சரிபார்த்தபோது, சிலருடைய ஆயிரம் ஆயிரமாகவே வந்திருந்தது; வேறு சிலருடையது 996 ரூபாயாக வந்திருந்தது. மேசையும் ஒன்றே, கருவியும் ஒன்றே, தொகையும் ஒன்றே. அட்டை மட்டுமே வேறு.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த நான்கு ரூபாய் போன வழியை அளந்து பார்க்கப் புகுந்தோம். அவ்வழி, நாம் குடியிருக்கும் இத்தலைநகரின் பாராளுமன்றம் வரை நம்மை அழைத்துச் சென்றுவிட்டது.

கடையில் நாம் அட்டையை நீட்டும்போது நம் வங்கி, கடைக்காரரின் வங்கி, இரண்டையும் இணைக்கும் வலையமைப்பு ஆகிய மூவரும் வேலை செய்கின்றனர். அவ்வேலைக்கான கூலி கடைக்காரருக்குச் சேர வேண்டிய தொகையிலிருந்து பிடிக்கப்படுகிறது. கூலிக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று 2012ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. 2,000 ரூபாய் வரையிலான விற்பனைக்கு நூற்றுக்கு முக்கால் ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு ஒரு ரூபாயும் உச்ச அளவாயின. 2018 ஜனவரி முதல் அளவுகோல் மாறியது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்கு மேற்படாத சிறு வணிகருக்கு நூற்றுக்கு 40 காசு, ஏனையோருக்கு 90 காசு என்று வரையறுக்கப்பட்டது. இதை வாடிக்கையாளர் தலையில் சுமத்தலாகாது என்றும் விதிக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல் ரூபே பற்று அட்டைக்கு இக்கட்டணமே கூடாதென்று மத்திய அரசு சட்டத்தின் வாயிலாக நீக்கிவிட்டது. பிற அட்டைகளுக்கு அது நின்றது. நம் பொருளாளரைத் திகைக்க வைத்த நான்கு ரூபாயின் வரலாறு இதுதான்.

கட்டணம் நீங்கினால் செலவும் நீங்கிவிடுமோ? நீங்காது. அதை ஈடுசெய்ய அரசு சில ஆண்டுகள் வங்கிகளுக்கு ஊக்கத் தொகை அளித்தது. அதுவும் மக்களின் வரிப்பணமே அன்றோ? ஆகவே, யார் எவ்வளவு சுமப்பது என்பதை மன்றத்தில் வெளிப்படையாக ஆராய்ந்து முடிவு செய்தலே முறை.

அன்பர்களே, நான்கு ரூபாய் சிறு தொகை. ஒரு நாள் காலையில் நம் கணக்கிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் நாம் அறியாமலே மறைந்துவிட்டால் என் செய்வது? இதுவே நாம் இன்று பேச வந்த பொருள்.

காகிதக் காசோலைக்கு 1881ஆம் ஆண்டிலேயே செலாவணி முறிச் சட்டம் பிறந்தது. நம் கையெழுத்தைப் போலியாக இட்ட காசோலைக்கு வங்கி பணம் கொடுத்தால், நம் கணக்கில் பற்று எழுத அதற்கு உரிமையில்லை என்பது நீதிமன்றங்கள் நிலைநாட்டிய நெறி. அட்டைக்கோ, அத்தகைய பாதுகாப்பு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்றின் வாயிலாகவே வந்தது. குற்றம் நம்முடையதும் அன்று, வங்கியுடையதும் அன்று, இடையில் வேறெங்கோ நேர்ந்தது என்றால், வங்கியின் அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முறையிட்டவருக்கு இழப்பே இல்லை என்றது அது. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் முறையிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கினர் 10,000 ரூபாய்க்கு மேல் சுமக்க வேண்டியதில்லை என்றும் அது கூறியது. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் வங்கியையே சேரும் என்றது. மிக நல்ல விதிகள். இவற்றை வகுத்தோரைப் பாராட்டுகிறோம்.

ஆயினும் மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். பணப் பரிமாற்றங்களை ஆள்வதற்குப் பாராளுமன்றம் 2007ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. 2008 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 25ஆம் பிரிவின்படி, கடன் தீர்க்க நாம் ஆணையிட்ட மின்வழிப் பணம் கணக்கில் இருப்பின்மையால் திரும்பி, உரிய அறிவிப்புக்குப் பின்னரும் நாம் செலுத்தத் தவறினால், ஈராண்டு வரை சிறையோ, தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நம் பிழைக்குரிய தண்டனை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நம்மைக் காக்கும் ஏற்பாடோ சுற்றறிக்கையில் நிற்கிறது. சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் கூட வேண்டும். சுற்றறிக்கையை மாற்ற மற்றொரு சுற்றறிக்கை போதும்.

இக்குறையைப் போக்க முயற்சி நடைபெறாமல் இல்லை. 2016 டிசம்பரில் ரத்தன் வாட்டல் தலைமையிலான குழு, பயன்படுத்துவோரின் பாதுகாப்பையும் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாக்குமாறு பரிந்துரைத்தது. 2018ஆம் ஆண்டில் அமைச்சகங்களின் கூட்டுக் குழு ஒன்று புதிய மசோதாவையே வரைந்தது. ஆனால் விவாதம் முழுவதும், இத்துறையை ஆளும் வாரியத்துக்குத் தலைவர் யார் என்பதிலேயே சுழன்றது. தலைவரை அரசே நியமிக்கலாம் என்றது குழு. பணப் பரிமாற்றம் நாணயத்தோடும் வங்கியோடும் பிரிக்க முடியாதது. ஆகவே தலைமை தன் ஆளுநருக்கே உரியது என்று ரிசர்வ் வங்கி 2018 அக்டோபரில் மாற்றுக் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டது. மசோதா சட்டமாகவில்லை. 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வகுத்திருந்த வாரியம் 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் தலைவர் ரிசர்வ் வங்கியின் ஆளுநர். உறுப்பினர் அறுவருள் அவர் உட்பட மூவர் ரிசர்வ் வங்கியினர். மூவர் மத்திய அரசு நியமிப்போர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வங்கிகளை ஒருவரும் அவர்கள் வழங்கும் அட்டைகளை மற்றொருவரும் ஆண்டால் குழப்பம் நேரும் என்பது உண்மை. மோசக்காரர்கள் நாள்தோறும் புது வழி காணும்போது, சுற்றறிக்கையின் விரைவு சட்டத்துக்கு வராது என்பதும் உண்மை. ஆனால் அட்டையை நீட்டுபவருக்கும் அதை வாங்கும் சிறு கடைக்காரருக்கும் என ஒதுக்கிய இருக்கை அவ்வாரியத்தில் இல்லை என்பதும் உண்மையன்றோ? பந்தியில் யார் தலைமாட்டில் அமர்வது என்று வழக்காடினர்; சமைத்தவரையும் பசித்தவரையும் அழைக்க மறந்தனர்.

ஆகவே, அடுத்த மசோதா எப்பொழுது வந்தாலும் அதில் மூன்று அம்சங்கள் இடம்பெற வேண்டும் என்பது நம் கருத்து. குற்றமற்ற கணக்குடையவர் இழப்பைச் சுமக்கலாகாது என்ற கொள்கை சட்டத்திலேயே பொறிக்கப்பட வேண்டும். நாட்கணக்கும் தொகைக் கணக்கும் சுற்றறிக்கையில் இருக்கட்டும். பயன்படுத்துவோருக்கும் சிறு வணிகருக்கும் வாரியத்தில் இடம் வேண்டும். கணக்கில் கை வைக்கப்பட்டது என்ற எச்சரிக்கை, கணக்குடையவர் அறிந்த மொழியில் வர வேண்டும்.

மூன்றாவதை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் வீடுகளில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாய்மார்கள் பலர். அவர்களின் ஓய்வூதியக் கணக்குக்கு வரும் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. பேரன் பள்ளியிலிருந்து வந்து படித்துச் சொல்லும்வரை அது தொலைபேசியில் உறங்குகிறது. செய்தி கிடைத்த நாளிலிருந்து நாள் எண்ணப்படும்போது, படிக்க இயலாத செய்தியைக் கிடைத்த செய்தி என்று கொள்வது எவ்வகை நியாயம்?

சட்டம் வரும்வரை நாம் வாளா இருத்தலாகாது. அட்டையின் இரகசிய எண்ணை அதன் உறையிலேயே எழுதி வைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். அவ்வெண்ணையும் ஒருமுறைக் கடவெண்ணையும் எவர் கேட்டாலும் சொல்லாதிருப்போம். சொல்லிவிட்டால், வங்கிக்கு அறிவிக்கும்வரை நேரும் இழப்பு நம்முடையதே என்று அதே சுற்றறிக்கை கூறியது. வெளிநாட்டுப் பயன்பாடு தேவையில்லையெனில் அதை முடக்கி வைப்போம். பணம் மறைந்தது தெரிந்தவுடன் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் அறிவித்து, முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்வோம். முதியோரின் தொலைபேசியை நாளுக்கொருமுறை பார்த்துச் சொல்லும் பணியை நம் பிள்ளைகளுக்கு ஒப்படைப்போம்.

மசோதா மீது கருத்துக் கேட்கப்படும் நாளில், இக்குடியிருப்பிலிருந்து நூறு கடிதங்களேனும் போக வேண்டும். நான்கு ரூபாயை அளந்து கேட்ட சங்கம் இது என்ற பெயர் நமக்கு நிலைக்கட்டும்.