கன்றின் இலையில் கனியை அறிதல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நெல்லை விதைத்தால் சில திங்களில் விளைவைக் கண்டுவிடுகின்றோம். ஆப்பிள் விதையை ஊன்றினாலோ, அது காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலமும் நீரும் கொடுத்து வளர்த்த பின்னரே, அது பயனற்ற மரம் என அறிய நேரிடும். ஆயிரமாகக் கன்றுகளை நட்டு, ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை வெட்டி எறிவதே புதுவகை காண்போரின் தொழிலாக நெடுங்காலம் இருந்தது.

ஆப்பிளைத் தாக்கும் சொறிநோயை எடுத்துக்கொள்வோம். அது பூஞ்சணத்தால் வருவது. 1973இல் காஷ்மீரத் தோட்டங்களில் கொள்ளைநோயெனப் பரவியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிராண்டால் என்பார் 1914இல், ரோம் பியூட்டி என்னும் ஆப்பிளோடு, மிகச் சிறிய பழம் தரும் காட்டாப்பிள் ஒன்றைக் கலந்தார். அக்கலப்பின் வழிவந்த மரங்கள் சிலவற்றை நோய் அண்டாமையை ஹஃப் என்பார் 1940களில் கண்டார். ஆயினும் நோய் தடுக்கும் மரபணுவோடு காட்டுமரத்தின் சிறுமையும் தொடர்ந்து வந்தது. அதனை நீக்க, நல்ல ஆப்பிளோடு தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் கலக்க வேண்டியதாயிற்று. ‘பிரைமா’ என்னும் வகை வெளிவந்த ஆண்டு 1970. முதற்கலப்பைச் செய்தவர் அதனைக் காண உயிரோடில்லை.

அத்தனை பாட்டிற்குப் பின், 1980களில், அம்மரபணு உள்ள மரங்களையும் தாக்கவல்ல பூஞ்சணம் ஜெர்மனியில் தோன்றியது! அரைக்காணியை நம்பி வாழும் குடியானவருக்கு இத்தகைய தோல்வி, பிள்ளைகளின் படிப்புச் செலவையே விழுங்கிவிடும்.

ஒரு பூட்டு போதாதெனில் இரண்டு பூட்டு வேண்டும். ஆனால் ஒரு தடுப்பு மரபணு உடைய கன்றும் நோயின்றி நிற்கும். இரண்டு உடைய கன்றும் அவ்வாறே நிற்கும். கண்ணால் பிரித்தறிவது எங்ஙனம்?

இங்கேதான் மரபணு வரைபடம் துணைக்கு வருகின்றது. ஆப்பிளின் உயிரணுவில் 17 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் மணிமாலையெனக் கோக்கப்பட்ட மரபணுக்களுள், அருகருகே இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். தொலைவிலிருப்பவை எளிதில் பிரியும். நூறு கன்றுகளில் எத்தனையில் பிரிந்தன என்று எண்ணி இடைத்தொலைவைக் கணிக்கின்றனர். புதியவருக்கு ‘புளியமரத்தை அடுத்த வீடு’ என்று வழி சொல்கின்றோம் அல்லவா? அதுபோல, மரபணுவுக்கு அருகிலுள்ள டி.என்.ஏ. அடையாளம் ஒன்றே அதன் இருப்பிடத்தைக் காட்டிவிடும். 2010இல் கோல்டன் டெலிஷஸ் ஆப்பிளின் மரபுத்தொகுதியை இத்தாலிய ஆய்வாளர் தலைமையிலான குழு வெளியிட்டபின் இவ்வடையாளங்கள் பெருகின.

இன்று நாற்றின் இலையில் சிறு துண்டைக் கிள்ளிச் சோதித்தால், பூட்டு ஒன்றா இரண்டா என்பது தெரிந்துவிடும். வேண்டாத நாற்றை நிலத்தில் நடவே தேவையில்லை. இது அயல் மரபணுவைப் புகுத்தும் முறையன்று. இருப்பதைப் படிக்கும் முறையே என்பதையும் சொல்லிவைக்கின்றோம், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வதால்.

சுவையோ ஒரு மரபணுவின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. பல மரபணுக்களும் மண்ணும் மழையும் கூடி அதனை ஆக்குகின்றன. ஆதலின் வரைபடம் தேர்ந்தளித்த மரமும் காய்த்தபின், ஒருவர் தோட்டத்தில் நின்று கடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.