தடையும் தெளிவும்



வால்வுகள் செந்தணலாய் ஒளிர்ந்த ஒலிபெருக்கிகளின் காலம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும், கிதார் வாசிப்போர் பலர் அவற்றை இன்றும் விரும்புகின்றனர். ஒரு சிறு தடை இசையையே மாற்றிவிடும் என்பதை நான் கற்ற விதத்தைச் சொல்லுகிறேன்.

1970-களின் தொடக்கத்தில், மதுரையில் கல்லூரியில் பயின்றுகொண்டே மாலை வேளைகளில் ஓர் ஒலிபெருக்கிக் கடையில் உதவியாளனாக இருந்தேன். ஒரு விடுமுறை நாளில், மேலூர்ப் பக்கத்துத் திருவிழாவில் அன்றிரவு பாடவிருந்த மெல்லிசைக் குழுவினர் தங்கள் கிதார்ப் பெருக்கியைக் கொண்டுவந்தனர். தடித்த கம்பியை மீட்டினால், குடத்துக்குள் பேசியதுபோல் ஒலி கலங்கிற்று. ஆற்றல் போதவில்லை என்று எண்ணிய நான், முதல் வால்வின் கேதோடில் இருந்த 1,500 ஓம் தடையை எடுத்துவிட்டு 820 ஓம் தடையை வைத்தேன். ஓசை சற்றே மிகுந்தது, கலக்கமும் மிகுந்தது. குழுவினரின் முகம் வாடிற்று. அன்றைய கூலி அந்தப் பெருக்கியை நம்பியிருந்தது.

கடையின் மூத்த மெக்கானிக், "தம்பி, எதைக் கூட்டலாம் என்று பார்த்தாய், எதைக் குறைக்கவேண்டும் என்று பார்" என்றார். 2,700 ஓம் தடையைப் பொருத்தி, அதனோடு இணைந்திருந்த 25 மைக்ரோபாரட் கண்டென்சருக்குப் பதிலாக 0.68 மைக்ரோபாரட் கண்டென்சரை வைத்தார். கம்பி தெளிவாகப் பேசிற்று.

காரணம் இதுதான். கேதோடுத் தடை, வால்வுக்குள் வரும் ஒலியலையை ஓரளவு எதிர்த்துப் பெருக்கத்தைக் குறைக்கிறது. பக்கத்தில் உள்ள கண்டென்சர் அவ்வலைக்கு மாற்றுவழி தந்து அந்த எதிர்ப்பை நீக்குகிறது. 12ஏஎக்ஸ்7 வால்வில், பிளேட்டுத் தடை 1,00,000 ஓமும் கேதோடுத் தடை 1,500 ஓமுமாக இருந்தால், கண்டென்சரின்றிப் பெருக்கம் ஏறத்தாழ 32 மடங்கு. பெரிய கண்டென்சர் இருந்தால் 60 மடங்கு. சிறிய கண்டென்சரோ உயர்ந்த சுரங்களுக்கே வழிவிடும். மெக்கானிக் வைத்த அளவுகளில், தடித்த கம்பியின் 82 சைக்கிள் சுரத்துக்கு முழுப் பெருக்கத்தில் பாதியே கிட்டும். முன்போ, கீழ்ச்சுரம் மிகுந்து அடுத்த வால்வைத் திணறடித்தது. மற்றச் சுரங்களும் அதில் மூழ்கின.

லண்டனில் ஜிம் மார்ஷல், அமெரிக்க பெண்டர் பாஸ்மேனை மாதிரியாகக் கொண்டு 1962-இல் பெருக்கி செய்யத் தொடங்கினார். பிற்பாடு அவர் நிறுவனமும் இதே 2,700 ஓம், 0.68 மைக்ரோபாரட் அளவுகளைக் கையாண்டது.

ஓர் எச்சரிக்கை: இப்பெருக்கிகளுள் 300 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் இருக்கும், நிறுத்திய பின்னும் அது கண்டென்சரில் தங்கி உயிரைக் குடிக்கக்கூடும். கற்றவர் துணையின்றித் தொடாதீர்கள்.

அன்றிரவு மேடையருகே நின்று கேட்டேன். ஒலி முன்னிலும் பெரிதாக இல்லை. ஆனால், ஒவ்வொரு சுரமும் கூட்டத்தின் கடைசி வரிசைவரை சென்றது.