இரண்டு சுவர்களும் ஒரு விகுதியும்



நம் தோழர் மறைந்த நாளில் ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோம். போகிற கிராமத்தில் எல்லாம் ஊருக்கும் சேரிக்கும் இடையே எத்தனை அடி என்று காலால் அளந்து நோட்டில் குறித்துவைத்தவர் அவர். அந்த நோட்டை நினைத்துத்தான் இந்த ஆண்டு உருவத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

தாவரவியல் மாணவர்கள் புற அமைப்பியல் படிக்கிறீர்கள். மொழியியலில் அது உருபனியல். புவியியலில் புவிப்புறவியல். தமிழில் மூன்று பெயர் இருப்பதால் மூன்றும் உறவுக்காரர்கள் என்பதே தெரியாமல் போகிறது. உயிரினங்களின் வடிவத்தை ஆராய ஜெர்மன் கவிஞர் கதே கையாண்ட மார்ஃபாலஜி என்ற சொல்லை 1859இல் ஷ்லைகர் மொழி ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் துர்கைம் அதைச் சமூகவியலிலும் சேர்த்துவிட்டார். மக்கள் நிலத்தின்மேல் எப்படிப் பரவிக் குடியிருக்கிறார்கள் என்பதும் ஆராய வேண்டிய உருவமே என்றார். எம்.ஏ. வகுப்பில் அது எங்களுக்குத் தேர்வுக்கான இரண்டு மதிப்பெண் கேள்வி. சேரியிலிருந்து போன எங்களுக்கு அதுதான் முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

1917இல் தார்சி தாம்சன் என்ற உயிரியலாளர் வளர்ச்சியையும் வடிவத்தையும் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். ஒரு பொருளின் வடிவத்தைப் பார்த்தே அதன்மேல் செயல்பட்ட விசைகளைக் கண்டுபிடிக்கலாம் என்பது அதன் சாரம். புரியவில்லை என்றால் வெளியே போய் அணையைப் பாருங்கள். 1959இல் திறந்த வைகை அணை. 111 அடி உயரம், 71 அடிக்குத் தண்ணீர். அணைச் சுவர் ஏன் மேலே ஒடுங்கி அடியில் அகன்று நிற்கிறது? ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும். தண்ணீரே இல்லாத கோடையில் பார்த்தாலும், எந்தப் பக்கத்திலிருந்து எது தள்ளும் என்று அந்த வடிவம் சொல்லிவிடும்.

இப்போது இன்னொரு சுவர். ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினால் மதுரை மாவட்டம். அங்கே எழுமலைக்குப் பக்கத்தில் உத்தப்புரம். 1989இல் ஆதிக்கச் சாதியினர் அங்கே சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அது எந்த வெள்ளத்தைத் தடுத்தது? மனிதர் நடப்பதை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று அரசு அதில் ஒரு சிறு பகுதியை இடித்துப் பாதை விட்டது. உடனே ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் ஊரையே காலிசெய்துவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தன. சில அடி இடைவெளிக்கு அவ்வளவு கோபம்! சுவரைத் தாங்கி நின்ற விசை எவ்வளவு என்று அன்றைக்குத்தான் நாடு பார்த்தது.

ஆனால் உத்தப்புரத்தை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சுவர் தேவைப்படாத ஊர்கள்தான் அதிகம். ராஜராஜன் காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம் தனியாக வருகிறது. பறைச்சேரி தனியாக, தீண்டாச்சேரி தனியாக வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வரைந்த உருவம் இது. எஸ்கிமோ மக்களைப் பற்றி மார்செல் மோஸ் எழுதியிருக்கிறார்: கோடையில் சிதறிக் கூடாரம் போடுகிறவர்கள் குளிர்காலத்தில் ஒன்றாகக் கூடிவிடுவார்கள், பருவத்தோடு சட்டமும் சடங்கும் மாறும் என்று. நம் ஊருக்கு அப்படி ஒரு பருவம் உண்டா? திருவிழா வந்தால் கூடுவதற்குப் பதிலாகத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்பதுதான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மொழிக்கு வருவோம். ன் என்று முடிந்தால் ஒருமை, ர் என்று முடிந்தால் பன்மை அல்லது மரியாதை. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கினால் வந்த உயர்வு, இலக்கண முறையால் வந்தது அல்ல என்று தொல்காப்பியச் சொல்லதிகாரமே பிரித்துச் சொல்கிறது. வழக்கு யாருடையது? செட்டியாருக்கும் முதலியாருக்கும் பெயரிலேயே ஆர் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையில் பள்ளன், பறையன், சக்கிலியன் என்று எங்கள் பெயர்கள் ன் போட்டே அச்சாயின. எழுபது வயதுத் தாத்தாவை ஊர்த்தெருச் சிறுவன் 'வாடா' என்று கூப்பிட்ட அதே மரியாதைக் குறைவு அரசு ஆணையிலும் ஏறியது. அதை ர் ஆக்கக் கேட்பதைச் சிலர் வெறும் எழுத்துப் பிரச்சினை என்கிறார்கள். விகுதி சின்னதுதான். சுவரில் இடித்த பகுதியும் சின்னதுதான்.

2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பெயர்ப்பலகை மாறிய பிறகும் குடியிருப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. ஊரின் தெருவிளக்கு முடியும் இடத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியில்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் தாள் கொடுத்து, உங்கள் ஊரை வரையுங்கள் என்றோம். ஊர்த்தெருப் பிள்ளைகள் பலருடைய படம் பஸ் ஸ்டாப்பில் தொடங்கிக் கோயிலோடு முடிந்தது. சேரிப் பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் வரைந்திருந்தார்கள். டீக்கடை, ரேஷன் கடை, அம்மா வேலைக்குப் போகும் திராட்சைத் தோட்டம், எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பது உட்பட. அந்த ஊரின் முழு உருவமும் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காத உருவவியலாளர்கள்!

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு தாளில் உங்கள் ஊரை வரையுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே, வாய்க்காலின் கடைமடை யாருக்கு, ஊரின் கடைசி வீட்டிலிருந்து சேரியின் முதல் வீட்டுக்கு எத்தனை அடி என்று குறியுங்கள். தோழரின் நோட்டில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு கொண்டுவாருங்கள், சேர்த்து ஒட்டுவோம்.