வெயிலுக்கு ஒரு புட்டிப் பாகு



பங்குனி பிறந்துவிட்டால் ஸ்ரீராமநவமிப் பானகம் நம்மவர் நினைவுக்கு வரும். வெல்லம், எலுமிச்சம்பழம், சுக்கு, ஏலக்காய், குளிர்ந்த நீர், வேறென்ன வேண்டும்? இருபது ஆண்டுகளுக்கு முன், மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகக் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த முதற் கோடையில், அண்டை வீட்டு வங்காளி அம்மையார் எனக்கு ஒரு குவளை பானம் அளித்து, 'பேலேர் பானா' என்றார். வில்வப்பழச் சதையை நீரில் கரைத்து இனிப்புச் சேர்த்த பானம் அது. அவர்களது பானாவும் நமது பானகமும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை. ஆயிரம் மைல் கடந்து வந்தவனுக்கு அந்த உறவு பெரிய ஆறுதலாக இருந்தது.

இத்தகைய குளிர்பானங்களுக்கு இனிப்புச் சேர்ப்பதில் ஒரு சிறு தொல்லை உண்டு. குளிர்ந்த நீரில் போட்ட சர்க்கரையோ வெல்லக்கட்டியோ எளிதிற் கரைவதில்லை. கலக்கிக் கலக்கிக் கை ஓய்ந்த பின்னும் அடியிலே தங்கி நிற்கும். முதல் வாய் புளிக்கும்; கடைசி வாய் திகட்டும். முன்கூட்டியே பாகு காய்ச்சிப் புட்டியில் வைத்துக்கொண்டால் இத்தொல்லை இல்லை. விருந்தினர் வந்தால் ஒரு நொடியில் பானகம் ஆயத்தமாகிவிடும்.

இதற்கு எந்த வெல்லத்தைக் கொள்வது? வங்கத்தின் சிறப்பு ஈச்சவெல்லம். குளிர்காலத்தில் 'சியூலி' எனப்படும் மரமேறிகள் ஈச்சமரத்தின் மேற்பட்டையைச் சீவி, மாலையில் மண்கலயம் கட்டி, விடியுமுன் சாற்றை இறக்குகின்றனர். அதைக் காய்ச்சினால் வருவதே 'நோலேன் குர்'. நீர்த்த நிலையில் உள்ளதை 'ஜோலா குர்' என்றும், அச்சில் வார்த்த கட்டியைப் 'பாட்டாலி' என்றும் வழங்குவர். ஜோலா குர் தானே பாகுதான்; ஆயினும் வெயில் ஏறினால் விரைவில் புளித்துவிடும். ஆதலின் தை மாதத்தில் பாட்டாலி வாங்கி ஈரம் படாமல் வைத்திருந்து, பங்குனியில் பாகு காய்ச்சுவது நலம். அது கிட்டாதவர்கள் கரும்பு வெல்லத்தைக் கொள்ளலாம். பானத்தின் நிறம் மாறக்கூடாது என்போருக்குப் பனங்கற்கண்டு உண்டு. இங்கே 'தால் மிஸ்ரி' என்று கேட்டால் கொடுப்பார்கள். நம் பாட்டிமார் போலவே வங்கத்துப் பாட்டிமாரும் இதைக் குழந்தைகளின் இருமலுக்குக் கொடுப்பது வழக்கம்.

இனிச் செய்முறையைக் கூறுகிறேன். அரைக் கிலோ வெல்லத்தைப் பொடித்து, 300 மில்லி நீரில் இட்டு, இளந்தீயில் கரையுங்கள். கரைந்ததும் இறக்கி, ஈரத்துணியில் வடிகட்டுங்கள். மணலும் துரும்பும் நீங்கிவிடும். மீண்டும் அடுப்பேற்றி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். புளிப்புச் சேர்ந்தால் சர்க்கரையின் ஒரு பகுதி வேறு இரு சர்க்கரைகளாகப் பிரிகிறது. அதனால் பாகு பின்னர் மணல் மணலாகப் பூத்துப் போவதில்லை.

பதந்தான் முக்கியம். அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் பாகு காய்ச்சிப் பழகிய கைகள் கம்பிப்பதம் வரும் வரை காத்திருக்கும். இங்கே அது கூடாது. இரு விரல்களுக்கிடையே தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்க வேண்டும், கம்பி எழலாகாது. தேனைவிடச் சற்று நீர்த்திருக்கையிலேயே இறக்கிவிடுங்கள். ஆறிய பின், வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் கெடாது. பானகத்துக்கும், பச்சை மாங்காயைச் சுட்டுச் செய்யும் வங்கத்து 'ஆம் போடா' சர்பத்துக்கும் இது மிகப் பொருந்தும். பாலில் மட்டும் விடாதீர்கள். புளிப்புச் சேர்ந்திருப்பதால் திரிந்துவிடக் கூடும்.

பதம் அறிதல் எத்துணை அரிய கலை என்பதை வங்க எழுத்தாளர் நரேந்திரநாத் மித்ரர் 'ரஸ்' என்னும் சிறுகதையில் காட்டியுள்ளார். வெல்லம் காய்ச்சும் ஒரு பெண்ணின் கைத்திறத்தையும், அதைப் போற்றத் தவறிய கணவனையும் பற்றிய கதை அது. 1973இல் 'சௌதாகர்' என்ற இந்திப் படமாகவும் வந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. விடியற்காலையில் இறக்கிய ஈச்சஞ்சாற்றை அப்படியே பருகும் ஆசை பலருக்கு உண்டு. கலயத்தை வௌவால்கள் நாடுவதால், காய்ச்சாத சாற்றின் வழியே நிப்பா நோய் பரவக்கூடும் என்பது வங்காளதேசத்தில் அறியப்பட்ட உண்மை. மேற்கு வங்கத்திலும் 2001இல் சிலிகுரியிலும் 2007இல் நதியா மாவட்டத்திலும் இந்நோய் தோன்றி உயிர்களைக் கொண்டது. ஆகவே பச்சைச் சாறு வேண்டா. நன்கு கொதிக்கக் காய்ச்சிய வெல்லத்துக்கு இந்த அச்சம் இல்லை.

இறுதியாக, என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சர்க்கரையை அறவே விட்டுவிட்டேன் என்ற பெருமையில், பல ஆண்டுகள் வெல்லப்பாகை அளவின்றிப் பருகி வந்தேன். இயற்கையானது தீங்கு செய்யாது என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், "வெல்லமானால் என்ன, சர்க்கரையானால் என்ன? உங்கள் இரத்தத்துக்கு நிறம் தெரியாது" என்றார். வெல்லத்தில் மணமும் சிறிதளவு தாதுப்பொருள்களும் உண்டு. எஞ்சியது பெரும்பாலும் சர்க்கரையே. நாம் காய்ச்சிய பாகில் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 12 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இவ்வாறு சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்குள் அடங்க வேண்டும். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று. அப்படியானால் இரண்டு கரண்டிப் பாகே ஒரு நாளைக்குப் போதும். நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்காமல் அதையும் தொடலாகாது.

இன்றும் என் வீட்டில் பாகுப் புட்டி இருக்கிறது. பக்கத்தில் ஓர் அளவுக்கரண்டியும் இருக்கிறது. இராமநவமியன்று குழந்தைகளுக்குப் பானகம் கலக்கும்போது கரண்டியால் அளந்தே ஊற்றுகிறேன். சுவை குறைந்ததாக அவர்கள் இதுவரை சொன்னதில்லை. எனக்கும் அரைக் குவளை உண்டு.