நகல் யாருக்குப் போதும்?



ஸ்காபரோவில எந்த அரங்கேற்றத்துக்குப் போனாலும் மேடையின் ஒரு மூலையில் நடராஜர் நிற்பார். ஜெனீவாவில் செர்ன் ஆய்வுகூட வளவிலும் நிற்கிறார். இந்திய அரசு 2004-இல் கொடுத்த இரண்டு மீற்றர் சிலை. எல்லாமே சோழர் கால வார்ப்புகளின் வழிவந்த நகல்கள். நகல் செய்வது குற்றமில்லை. யாருக்கு நகல், யாருக்கு அசல் என்று யார் தீர்மானிக்கிறது? அதைத்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

கும்பகோணத்துக்குக் கிட்ட சிவபுரம் என்றொரு கிராமம். 1951-இல் அங்கே மண்ணுக்குள் இருந்து ஒரு நடராஜர் கிடைச்சார். கோயிலில் வைத்தார்கள். பிறகு பழுதுபார்க்கவென்று வெளியே போனது அசல். திரும்பி வந்தது நகல். ஊர்ச்சனம் அந்த நகலைத்தான் கும்பிட்டது. 1965-இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் எழுதிய பிறகுதான் விசயம் வெளியில் வந்தது. அதற்குப் பிறகும் அசலை கலிபோர்னியாவின் நோர்ட்டன் சைமன் வாங்கினார். 1986-இல்தான் அது இந்தியா திரும்பியது.

எங்கட கனடாவுக்கும் இதில் பங்கிருக்கு. 1976-இல் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளியின் கையில் கிடைத்த நடராஜரை, 1982-இல் லண்டனில் வைத்து அல்பேர்ட்டாவின் பம்பர் டெவலப்மென்ட் நிறுவனம் இரண்டரை லட்சம் பவுணுக்கு வாங்கியது. லண்டன் பொலிஸ் கைப்பற்றியது, வழக்கு நடந்தது. இடிந்து கிடந்த அந்தக் கோயிலே வழக்காடலாம் என்று 1991-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் வென்று வந்தவரை ஊருக்கு அனுப்பவில்லை. திருவாரூரில், அரசின் சிலைப் பாதுகாப்பு மையத்தில் பூட்டி வைத்தார்கள்.

சிவபுரத்து விவசாயிக்கு நகல் போதுமென்றால், கலிபோர்னியாவுக்கு ஏன் போதாது? சுவாமிமலையில் இன்றைக்கும் ஸ்தபதிகள் மெழுகில் உருச்செய்து, மண் பூசி, உருக்கிய உலோகத்தை ஊற்றி வார்க்கிறார்கள். உருவை எடுக்க அச்சை உடைக்க வேணும். ஆகவே ஒவ்வொரு சிலையும் தனிச்சிலை. மியூசியங்கள் அதை வாங்கட்டும், நியாயமான கூலி கொடுக்கட்டும், செய்தவரின் பெயரையும் எழுதி வைக்கட்டும். அசல் வீட்டுக்குப் போகட்டும்.

எந்த வீட்டுக்கு? அதையும் நாங்கள் கேட்க வேணும். அரசின் பூட்டறைக்கா, ஊருக்கா? ஊரென்றால், அந்தக் கோயில் கதவு சேரிக்கும் திறக்குமா? "திருப்பிக் கொடு" என்ற கோசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சாதியை விட்டுவிட்டால், சிலை ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குத்தான் போகும்.

அடுத்த முறை இங்க மியூசியத்துக்குப் போனால், சிலையோட சேர்த்து அதன் பக்கத்திலிருக்கும் சின்ன அட்டையையும் வாசியுங்கோ. எந்த ஆண்டு வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கோ. எழுதியிருக்கவில்லையென்றால் கடிதம் போட்டுக் கேளுங்கோ.