தேன் சோதனையும் ஒரு சின்ன வளையமும்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)



போன கூட்டத்தில் தேனைப் பற்றி ஒரு வாக்குவாதம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்க வேண்டும் என்றார் ஒருவர். தீக்குச்சியில் தடவிப் பற்ற வைத்துப் பாருங்கள் என்றார் இன்னொருவர். என் மகள் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். "அப்பா, அதெல்லாம் தேன் கெட்டியா இருக்கான்னுதான் சொல்லும். கலப்படம் இருக்கான்னு சொல்லாது" என்றாள். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில்தான் போய் நிற்குமாம்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

கார்பனில் இரண்டு வகை உண்டு. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 99 பங்கு சாதாரண கார்பன் 12. மீதி 1 பங்கு சற்றே கனமான கார்பன் 13. கரும்பும் மக்காச்சோளமும், மற்ற பெரும்பாலான செடி மரங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கனமான கார்பனை எடுத்துக்கொள்கின்றன. தேனீ போய் உட்காரும் பூக்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனுக்கு ஆதாரமான ரப்பர் மரமும் அதில்தான் சேர்த்தி. உலகப் பொது அளவோடு ஒப்பிட்டால் தேன் ஆயிரத்துக்குச் சுமார் 25 குறைவாக நிற்கும். கரும்புச் சர்க்கரை 10, 11தான் குறைவாக நிற்கும். ஆகவே தேனில் கரும்புச் சர்க்கரை கலந்தால் கணக்கு நகரும்.

தேனில் இயற்கையாகவே கொஞ்சம் புரதம் இருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்து அளந்து, முழுத் தேனின் அளவோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்துக்கு 1 வந்தாலே, சுமார் 7 சதவீதம் வெளிச் சர்க்கரை என்று கணக்கு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பும் அந்த 7 சதவீதம்தான். ஆயிரத்தில் ஒன்று! அதை வைத்துத்தான் ஒருவருடைய சரக்கு பாஸா, ஃபெயிலா என்று தீர்ப்பு.

இதை அளக்கும் கருவியின் பெயர் ஐசோடோப் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். துளித் தேனைத் தகரக் குப்பியில் வைத்து, ஆயிரம் டிகிரி அளவு சூட்டில் எரித்துக் கரியமில வாயுவாக்குகிறார்கள். ஹீலியம் வாயு அதைக் குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டு போகும். வழியில் ஈரத்தை உறிஞ்ச ஒரு குழாய். கடைசியில் முடியளவு துளையுள்ள மெல்லிய குழாய் வழியாக வெற்றிடத்துக்குள் போகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நட்டும், உள்ளே வாஷர் மாதிரி ஒரு சின்ன வளையமும்.

ஒரு முறை மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சர்வதேச அணுசக்தி முகமை, சோதனைக்கென்றே அளவு தெரிந்த சர்க்கரை ஒன்று தருகிறது. அதன் அளவு மைனஸ் 10.45. கருவி அந்த எண்ணைக் காட்ட மறுத்தது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை. எலக்ட்ரானிக் பலகை போய்விட்டது, லட்சக்கணக்கில் ஆகும் என்று பேச்சு.

எனக்கு வங்கி நாட்கள் ஞாபகம் வந்தன. சாயங்காலம் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் நாங்கள் முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். அது 9ஆல் வகுபட்டால், யாரோ 54ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். 2ஆல் வகுபட்டால், பாதித் தொகை தவறான பக்கத்தில் ஏறியிருக்கலாம். பிழையின் முகத்தைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். "உங்க மெஷின்லயும் அப்படி ஏதாவது அடையாளம் இருக்குமா?" என்று கேட்டேன்.

இருக்கிறதாம். வெறும் ஈரம் மட்டும் கூடினால் ஈரம் உறிஞ்சும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். நைட்ரஜனும் ஆர்கானும் சேர்ந்து கூடினால் வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று பொருள். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கு ஆர்கான் இருக்கிறது. அன்று இரண்டும் கூடியிருந்தன. ஆகவே பலகையைத் தொடவில்லை. ஒவ்வொரு இணைப்பாக, மெல்ல ஆர்கான் வாயுவை ஊதிக்கொண்டே திரையில் 40 என்ற எண்ணைப் பார்த்தாள். நம் வீட்டு கேஸ் குழாய்க்குச் சோப்புத் தண்ணீர் தடவுகிறோமே, அதே வேலைதான். ஆனால் உள்ளே வெற்றிடம் என்பதால் அங்கே நுரை வராது. சோப்பே உள்ளே போய்விடும்.

கடைசி இணைப்பில் கோடு சட்டென்று எகிறியது. கழற்றிப் பார்த்தால் வளையத்தில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. முன்பு யாரோ கசியக் கூடாதே என்று அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். புது வளையம் போட்டு, கையால் இறுக்கி, ஸ்பேனரால் கொஞ்சம் மட்டும் திருப்பி, ஓர் இரவு முழுக்க ஹீலியத்தை ஓட விட்டாள். மறுநாள் சர்க்கரை தன் எண்ணைச் சொன்னது.

அவள் அடுத்துச் செய்த காரியம்தான் எனக்குப் பெருமை. கடைசியாகச் சர்க்கரை சரியான எண்ணைக் காட்டிய நாளுக்குப் பிறகு வந்த முடிவுகளையெல்லாம் நிறுத்தி, மாதிரிகளை மறுபடி ஓட்டச் சொன்னாள். மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். "நேர்மையான ஒரு தேனீக்காரரோட பிழைப்புப்பா" என்றாள்.

நாமும் இதை எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைகூட அரிசிப் பாகைப் பிடிக்காது. நெல் கரும்பு வகையைச் சேர்ந்ததல்ல, அதற்கு வேறு சோதனை வேண்டும். எனவே ஒரே ஒரு தாளை நம்பி முடிவுக்கு வராதீர்கள். நம் தொட்டித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பும்போதும், "அளவு தெரிந்த மாதிரியை வைத்துச் சரிபார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒழுங்கான கூடம் கோபித்துக்கொள்ளாது.

வீட்டில் குழாய் சொட்டினால் முதலில் வாஷரைப் பாருங்கள். தயவுசெய்து முறுக்காதீர்கள்.