வடிதாளும் தடுப்பூசியும்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைத்தியத்துறை பற்றி ஏதாவது பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டார். நான் வடித்தலைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டாம்.

நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் ஆய்வுகூடத்தில் வடிதாளுக்குப் பெருந்தட்டுப்பாடு. ஐந்து பேருக்கு ஒரு தாள். வீழ்படிவு தாளை அடைத்துவிடும், சொட்டு நின்றுவிடும். ஒருநாள் பொறுமையிழந்து கண்ணாடிக்கோலால் குத்தினேன். தாள் கிழிந்தது. இரசாயனவியல் ரீச்சர் ஏசவில்லை. "அடைச்சதைத் தள்ளாதை பிள்ளை, கழுவி விடு" என்றார்.

இன்று நான் சிறுநீரக நோயாளருடன் வேலை செய்கிறேன். டயலைசர் என்ற குழாயைப் பலர் கண்டிருப்பீர்கள். அதற்குள் பத்தாயிரம் அளவில் உட்குழிவான நார்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உட்துளையும் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். அந்த நார்களின் சுவர்தான் மென்சவ்வு. குருதியை நாம் சவ்வுக்கு எதிரே நேராகத் தள்ளுவதில்லை, சவ்வை உரசிக்கொண்டு நீளவாக்கில் ஓடவிடுகிறோம். கழிவு பக்கவாட்டில் வெளியேற, ஓட்டமே சுவரைக் கழுவிக்கொண்டு போகிறது. ரீச்சர் சொன்னதும் இதைத்தான்.

இதே உபாயம் இல்லாவிட்டால் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி நமக்குக் கிடைத்திராது. அதில் எம்.ஆர்.என்.ஏ.யைப் பொதிந்து வைத்திருப்பவை ஏறக்குறைய 100 நனோமீற்றர் அளவான கொழுப்புத் துணிக்கைகள். எதனோலில் கரைத்த கொழுப்புகளையும் அமிலக் கரைசலிலுள்ள எம்.ஆர்.என்.ஏ.யையும் வேகமாக மோதவிட்டால் அவை நொடியில் உருவாகும். பத்திரிகைகள் வியந்து எழுதியது அந்த நொடியைப் பற்றித்தான். ஆனால் அப்போது கிடைப்பது மருந்தன்று. கிட்டத்தட்டக் காற்பங்கு எதனோல் கலந்த புளித்த திரவம். அப்படியே வைத்திருந்தால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும். ஆகவே எதனோலையும் அமிலத்தையும் விரைவாக அகற்ற வேண்டும், துணிக்கைகளை உடைக்கவும் கூடாது.

ஆய்வுகூடத்தில் இதை ஒரு சவ்வுப் பையில் கட்டி, சுத்தமான கரைசலில் இரவு முழுக்க ஊறவிடுவார்கள். சில மில்லிலீற்றருக்கு அது போதும். தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான லீற்றர்களைப் பைகளில் கட்டித் தொங்கவிட முடியாது. அங்கேதான் டயலைசரை ஒத்த நார்க்கட்டுகளும் அடுக்கிய தட்டைச் சவ்வுகளும் வருகின்றன. அவற்றின் துளைகளால் எதனோல் போகும், துணிக்கை போகாது. வெளியேறும் அளவுக்குப் புதிய கரைசலை விட்டுக்கொண்டே இருப்பார்கள். அம்மம்மா அரிக்கன்சட்டியில் அரிசி கழைந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். திரவத்தின் கனவளவுக்குச் சமமான புதுக்கரைசல் ஒருமடங்கு சென்றதும் எதனோலில் ஏறத்தாழ 37 சதவீதம் மிஞ்சும். ஏழு மடங்கு சென்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் துணிக்கைகள் சவ்வில் படையாகப் படிந்து அடைத்துவிடும். பம்பியை மிக வேகமாக ஓட்டினால் உராய்வில் சிதையக்கூடும். அதனால் உற்பத்தியைப் பெருக்க நாரை நீட்டுவதில்லை. அதே நீளமுள்ள நார்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். கடைசியில் கிருமிகளை அகற்ற இன்னொரு வடி உண்டு. அதன் துளை 200 நனோமீற்றர், துணிக்கையின் இருமடங்கு மட்டுமே. கொழுப்புத் துணிக்கைகளைச் சூடாக்கிக் கிருமிநீக்கம் செய்ய முடியாது. முன்னைய கட்டத்தில் அவை பருத்திருந்தால் இந்த வடியும் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் நான் 2021 இல்தான் தேடிப் படித்தேன், ஆத்திரத்தோடு. அந்த ஜனவரி முடிவில் எங்களுக்கு முதல் ஊசி போட்டார்கள், கோவிஷீல்ட். அது வேறுவகை ஊசி. அதன் வைரசும் 90 நனோமீற்றர் அளவானது, அதையும் சவ்வால்தான் சுத்திகரிக்க வேண்டும். பிறகு இந்தியாவில் தொற்று பெருகி ஏற்றுமதி நின்றது. முதலாவதைப் போட்டுக்கொண்ட இலட்சக்கணக்கானோர் இரண்டாவதுக்காகக் காத்திருந்தார்கள். என் நோயாளி ஒருவர், ஓய்வுபெற்ற தபால் அதிபர், கிழமைக்கு இரண்டுமுறை இயந்திரத்துக்கு வருவார். வரும்போதெல்லாம் "ரண்டாவது எப்ப பிள்ளை?" என்பார். "வரும் ஐயா" என்பேன். யூலை முடிவில் ஜப்பானிலிருந்து ஊசி வந்திறங்கியபோது அவர் இல்லை. கொவிட்தான்.

இந்தியாவின் சொந்தத் தேவையே முதற்காரணம், பணக்கார நாடுகள் முந்திக்கொண்டதும் காரணம். ஆனால் அந்த ஏப்ரலில் சீரம் நிறுவனத்தின் அதார் பூனாவாலா மூலப்பொருள் ஏற்றுமதித் தடையை நீக்கும்படி அமெரிக்காவிடம் பகிரங்கமாகக் கேட்டார். அவர் தட்டுப்பாடென்று முறையிட்டவற்றில் வடிகளும் பைகளும் இருந்தன. செய்முறை கையில், வடி இல்லை. ஐந்து பேருக்கு ஒரு தாள் நினைவுக்கு வந்தது.

திருத்தியமைக்கும் ஆய்வுகூடத்துக்கு நிதி சேர்க்கிறோம். கணினியும் திரையும் தருவதாகப் பல கிளைகள் எழுதியிருக்கின்றன. மிக்க நன்றி. வடிதாளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன், பிள்ளைக்கு ஒரு தாள் வீதம், கிழித்தாலும் இன்னொன்று கொடுக்கக்கூடிய அளவில். காலாவதியான, பாவிக்காத டயலைசர் ஒன்றையும் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நார்களைத் தொட்டுப் பாருங்கள், தலைமயிர் போலத்தான் இருக்கும்.